பாதிரியார் பொங்கிய நேரம்

யெல்லோஸ்டோன்
3 ஆகஸ்ட் 1996

அன்புள்ள லொரீன்,

எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். உன் அப்பாவின் கேரவன் மலையேறும்போது இருமும் என்றேன், இருமியது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு காஸ்பர் ஊரைத் தாண்டினால் திறக்காது என்றேன், திறக்கவில்லை. இப்போது அது கடகடக்காமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். போக, வர, தூங்க, எழுந்திருக்க எல்லாவற்றுக்கும் வலப்பக்கத்து ஒற்றைக் கதவுதான். மூன்றாம் நாள் பன்றி இறைச்சி கெட்டுப்போகும் என்பதும் எனக்குத் தெரியும். வண்டியைச் சமதரையில் நிறுத்தாவிட்டால் இந்தக் கேஸ் ஃபிரிட்ஜ் வேலை செய்யாது என்று ஹார்லன் அண்ணன் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார். சீட்டு ஃபிரிட்ஜுக்கு உள்ளே ஒட்டியிருந்ததால் இறைச்சி நாறிய பிறகுதான் படித்தேன்.

ஏழாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன் நான். மற்றவர்கள் ஒரு தடவை படித்ததை மூன்று தடவை படித்ததால்தான் இவ்வளவு முன்யோசனை.

அண்ணனிடம் சொல். சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய மடக்கு நாற்காலி, அவருடைய தொப்பி, அவருடைய நோட்டுப் புத்தகம். எதிரே பாதிரியார், பக்கத்தில் கோயில்பிள்ளை. பீறிட்டுப் பொங்குகிற இந்த இரண்டு வெந்நீர் ஊற்றுக்கும் இந்தப் பெயர் வைத்தவன் நல்ல குறும்புக்காரன். கோயில்பிள்ளை சின்னப் பொந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியடிப்பதுபோல் இடுப்புயரம் தண்ணீர் துப்புகிறான். பாதிரியார் பெரிய பள்ளம், பிரசங்கம் மறந்துபோனவரைப் போலப் பதினொரு வருடமாகச் சும்மா இருக்கிறார்.

நேற்று ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்கிற பேர்பெற்ற ஊற்றுப் பக்கம் போனேன். "இன்னும் நாலு நிமிஷத்துல வரும் பாருங்க" என்று ஒரு கூட்டத்திடம் சொன்னேன். வந்தது. அங்கே பலகையில் நேரம் எழுதிப் போட்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். கூட்டத்தில் பாதிப் பேர் என்னிடம் கையெழுத்து கேட்டார்கள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் நடந்ததை நீ எழுதிக் கேட்க வேண்டாம். எனக்கே ஞாபகம் இருக்கிறது. மூஸ் மானைப் படம் பிடிக்கப் போய் இதே கேரவனைச் சேற்றில் இறக்கியது நான்தான். என்னை இழுக்க அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்த அந்த இருபது நிமிடத்தில்தான் பாதிரியார் பொங்கினார். இந்தத் தடவை நான் எழுந்திருக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
உன் சித்தப்பா ஆர்வில்


ஸ்காட்ஸ்பிளஃப், நெப்ராஸ்கா
8 ஆகஸ்ட் 1996

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பக்கவாதம் வந்து நாலு மாதத்தில் அப்பாவுக்கு மூன்று வார்த்தைதான் திரும்பி வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 'வேண்டாம்', 'காபி', மூன்றாவது 'பொய்'. கையெழுத்து கேட்டார்கள் என்று வாசித்ததும் "பொய்" என்றார். இரண்டாவது தடவை வாசித்தபோது அந்த இடம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை அதுதான். அதனால் கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் ட்ரூடி நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உங்கப்பாவுக்கு முடியாம இல்லைங்க. இஷ்டமில்லை" என்றாள். காலும் அப்படித்தான். இலையுதிர்காலத்துக்குள் எழுந்து நடக்கப் பழகாவிட்டால் பிறகு சக்கர நாற்காலிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கைத்தடியை எடுத்துக் கொடுத்தால் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

நீங்கள் போகிறேன் என்று சொன்ன அன்று மட்டும்தான் அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பியது. இடது கையால் நோட்டுப் புத்தகத்தை அவராகவே உங்கள் மடியில் தள்ளினாரே, பார்த்தீர்கள் அல்லவா? அதனால் கேட்கிறேன், சித்தப்பா. கரடிக் கதை வேண்டாம். கோயில்பிள்ளை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை துப்புகிறான்? பாதிரியார் பள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது? கோயில்பிள்ளை ஓய்ந்தால் நாலு மணி பன்னிரண்டு நிமிடம் கழித்துப் பாதிரியார் பொங்குவார் என்று அப்பா முப்பது கோடைக்காலம் உட்கார்ந்து போட்ட கணக்கு. பழைய ஆட்கள் எழுதி வைத்ததையெல்லாம் சேர்த்துப் போட்டது. அவர் கண்ணால் பார்த்து அதை உறுதி செய்யத்தான் முடியவில்லை. அதற்குத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்.

ஃபிரிட்ஜைச் சமமாக நிறுத்துங்கள். தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும்.

அன்புடன்,
லொரீன்


யெல்லோஸ்டோன்
13 ஆகஸ்ட் 1996

அன்புள்ள லொரீன்,

கரடிக் கதை வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் வந்து சேர்வதற்கு ஒரு நாள் முன்னதாகவே கரடி வந்துவிட்டது. நான் என்ன செய்வது? நான் பீன்ஸ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். பின்னங்காலில் நின்று, சர்ச் வாசலில் நிற்கிற பெரியவரைப் போல வலது கையை நீட்டியது. மரியாதைக்குக் குலுக்கினேன். போய்விட்டது. அண்ணன் இப்போது என்ன சொல்வார் என்று தெரியும். சொல்லட்டும், பயிற்சிதானே.

இனி நீ கேட்டவை. கோயில்பிள்ளை இப்போது பதினான்கு நிமிடத்துக்கு ஒருமுறைதான் துப்புகிறான், போன வாரத்தைவிட மெதுவாக. பாதிரியார் பள்ளத்தில் தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. போன வாரம் ஒன்றரைச் சாண். இதெல்லாம் நான் சொல்லவில்லை, வில்மா க்ரோல் அளந்தது.

வில்மாவை அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். எழுபது வயது, கழுத்தில் வாக்கி டாக்கி, மழைக்கோட்டுப் பையில் நாலு பென்சில். இங்கே ஊற்றுக்குக் காவலிருக்கிற கூட்டத்துக்கெல்லாம் அவள்தான் தலைவி. என்மேல் அவளுக்கு ஒரு கண் என்று நினைக்கிறேன். முதல் நாளே என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நம் குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டாள்:

"என்னய்யா ஸ்டக்கி, காலையில எட்டு இருபதுக்குக் கோயில்பிள்ளை துப்புனான்னு எழுதியிருக்கே. எட்டு இருபதுக்கு நீ உன் வண்டியில குறட்டை விட்டுக்கிட்டு இருந்தே. எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"பத்து நிமிஷக் கணக்குல கழிச்சுப் பார்த்தா எட்டு இருபதுதானே வரும் அம்மணி?"

"கழிச்சுப் பார்க்கிறதுக்கு நீ எதுக்கு இங்க? வீட்ல உக்காந்தே கழிக்கலாமே. பார்த்தியா, எழுது. பார்க்கலையா, கோடு போடு. தாமதமா வந்து பாதியில பார்த்தியா, 'பொங்கிக்கொண்டிருந்தது, ஆரம்பம் காணவில்லை'ன்னு எழுது. உங்கண்ணன் அப்படித்தான் எழுதுவாரு. அவரு நோட்டுல ஒரு பொய் கிடையாது. அதைக் கெடுத்தே, நானே உன்னைக் கொண்டுபோய்க் கரடிகிட்ட விட்டுருவேன்."

"கரடி எனக்குப் பழக்கமாச்சே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் சிரித்திருப்பாள்.

ஒருநாள் அவளைக் காவலுக்கு வைத்துவிட்டுப் பெரிய அருவிக்குப் போய் வந்தேன். மேலே நின்று எட்டிப் பார்த்தால் தண்ணீர் விழவில்லை, குதிக்கிறது. சத்தத்தில் என் பற்செட்டு ஆடியது. கீழே மஞ்சள் பாறை, நடுவில் வானவில். அண்ணன் அங்கே நின்று எடுத்த படம் உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அதில் இருக்கிற அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன்.

திரும்பும்போது காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்துவிட்டது. இது அவைகளுக்குக் கல்யாண மாதம். ஒரு கிடா என் கேரவனைப் பார்த்த பார்வை சரியில்லை. பின்னாலேயே வந்தாலும் வரும் என்று வில்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஃபிரிட்ஜ் இப்போது ஓடுகிறது. தட்டு யோசனை என்னுடையதுதான் என்று இங்கே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

உன் சித்தப்பா ஆர்வில்


ஸ்காட்ஸ்பிளஃப்
17 ஆகஸ்ட் 1996

சித்தப்பா,

இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் கரடி வந்த இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். 'பொய்' வரவில்லை. பள்ளத்தில் ஒரு சாண் என்றபோது மட்டும் கண் அசைந்தது. மறுநாள் ட்ரூடியைப் பார்த்து "வேண்டாம்" என்றார். அதிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான். காபியைக்கூடக் கேட்பதில்லை. செப்டம்பர் வந்தால் குளிர் வரும், நீங்கள் திரும்பிவிடுவீர்கள், இந்த வருடமும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சின்ன வயதிலிருந்து உங்களிடம் 'நிஜமாவா சித்தப்பா, நிஜமாவா' என்று கேட்டே வளர்ந்தவள் நான். இப்போது நானே இதைக் கேட்கிறேன். பாதிரியார் பொங்கிவிட்டார் என்று எழுதுங்கள். அப்பா போட்ட கணக்குப்படியே பொங்கினார் என்று எழுதுங்கள். நாற்பது வருடமாக ஒன்றுக்கும் உதவாமல் பொய் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே ஒரு தடவை உதவிக்குச் சொல்லுங்கள்.

என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.

லொரீன்


யெல்லோஸ்டோன்
21 ஆகஸ்ட் 1996

அண்ணனுக்கும் லொரீனுக்கும்,

பாதிரியார் பொங்கிவிட்டார்.

நேற்று, செவ்வாய்க்கிழமை. லேசான தூறல். கோயில்பிள்ளை கடைசியாகத் துப்பியது காலை 9.05. வில்மாவும் நானும் இரண்டு பேரும் பார்த்தோம். அதன் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. பதினோரு மணிக்குப் பாதிரியார் பள்ளத்தில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

தொடங்கியது மதியம் 1.17. முடிந்தது 1.43. உயரம் அறுபது அடி இருக்கும். பக்கத்தில் நிற்கிற பட்டுப்போன பைன் மரத்தின் உச்சி வரை. தண்ணீர் வெள்ளையாக இருந்தது. முதலில் கொஞ்சம் மண் நிறம். முடிந்த பிறகு பள்ளம் காலியாக இருந்தது, அடியில் ஆவி மட்டும்.

வேறொன்றும் இல்லை.

ஆர்வில்


ஸ்காட்ஸ்பிளஃப்
27 ஆகஸ்ட் 1996

அன்புள்ள சித்தப்பா,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்தேன். அவ்வளவு சின்னக் கடிதம். அப்பா சன்னலிலிருந்து திரும்பினார். விரலால் 'இன்னொரு தடவை' என்று காட்டினார். வாசித்தேன். உயரம் வந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். உதடு ரொம்ப நேரம் முயற்சி செய்தது. பிறகு "அறுபது" என்றார். புது வார்த்தை, சித்தப்பா! பிறகு சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனாலும் சிரிப்புதான்.

எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் ட்ரூடி வந்தபோது இடது கையால் பென்சிலைப் பிடித்து அரைப் பக்கத்துக்குப் பெரிது பெரிதாக எழுதினார்: 'ஆர்வில் அறுபது என்றால் நிஜம்.' ட்ரூடிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நீங்கள் பொய் சொல்வதாக இருந்தால் அறுநூறு அடி என்று எழுதியிருப்பீர்கள்.

மறுநாள் அவராகவே கைத்தடியைக் கேட்டார். முதலில் சமையலறை வரை. நேற்று வாசல் தபால் பெட்டி வரை போய்த் திரும்பினார். எனக்குப் பின்னால் வரக்கூட அனுமதியில்லை. இப்போது பேச்சு ஒரு நாளைக்கு ஒன்று இரண்டாக வருகிறது. என்னைத் திட்டுவதற்குத் தேவையான வார்த்தைகள் முதலில் வந்துகொண்டிருக்கின்றன.

இப்போது முக்கியமான விஷயம். 9.05, 1.17. கழித்தால் நாலு மணி பன்னிரண்டு நிமிடம். அப்பாவின் கணக்கு நிமிடம் பிசகவில்லை. ஊற்றுக் காவலர்கள் நடத்துகிற பத்திரிகைக்கு அதை ஒரு கட்டுரையாக அனுப்பப்போகிறார். அவர் விரலால் காட்டக் காட்ட நான் தட்டச்சு செய்கிறேன், ஒரு நாளைக்கு நாலு வரி. தலைப்புக்குக் கீழே 'நேரில் கண்டவர்: ஆர்வில் ஸ்டக்கி' என்று போடச் சொல்லியிருக்கிறார். நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை வெட்டி உடனே அனுப்புங்கள். பத்தாம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டுமாம்.

கீழே இருப்பதை நான் அவருக்குக் காட்டப்போவதில்லை. சித்தப்பா, அது பொங்கியதா? இல்லை, நான் கேட்டதற்காக எழுதினீர்களா? எனக்கு மட்டும் சொல்லுங்கள். நான் கேட்டிருக்கக் கூடாது. நேற்று தபால் பெட்டி வரை அவர் வைத்த ஒவ்வொரு அடியையும் சன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

லொரீன்


யெல்லோஸ்டோன்
1 செப்டம்பர் 1996

லொரீன்,

இந்த முதல் தாள் உனக்கு மட்டும். இரண்டாவது தாளை அண்ணனுக்கு வாசித்துக் காட்டு, ஒரு வரி விடாமல்.

நீ எழுதிய அந்தக் கடிதம் என் கைக்கு வரும்போது பாதிரியார் பொங்கி முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வில்மா அன்று தபால் ஆபீஸுக்குப் போயிருந்தாள், அவள் மழைக்கோட்டுப் பையில் வந்தது. அதனால் பொங்கியது நிஜம், நீ கேட்டு நான் கட்டிய கதை இல்லை. நிம்மதியாக இரு. கேட்டதற்கு வெட்கப்படவும் வேண்டாம். என்னிடம் பொய் கேட்டு வந்த முதல் ஆள் நீதான், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சித்தப்பா


அண்ணா,

நோட்டிலிருந்து நீ கேட்ட தாள் இதோடு இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேள்.

அன்று மதியம் பன்னிரண்டரைக்கு வில்மா தபால் ஆபீஸுக்குக் கிளம்பினாள். "நான் வர்ற வரைக்கும் நாற்காலியை விட்டு அசையாதே ஸ்டக்கி. இன்னிக்குத்தான்னு எனக்குத் தோணுது" என்றாள். "அம்மணி, இதை நான் போன வருஷமே சொல்லிட்டேன்" என்றேன். அவள் போனதும் எனக்குப் பசித்தது. வண்டி இருநூறு அடி தூரத்தில்தான் நின்றது. நாலு மணி பன்னிரண்டு நிமிடம் என்று உன் கணக்கு சொல்கிறது, ஒன்றுக்கெல்லாம் திரும்பிவிடலாம், பீன்ஸைச் சூடு பண்ண எவ்வளவு நேரம் ஆகும் என்று உள்ளே போனேன்.

கதவுக்கு வெளியே வந்து படுத்தது, அண்ணா, அந்தக் கிடா. பார்வை சரியில்லை என்று எழுதினேனே, அதேதான் என்று நினைக்கிறேன். முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு, சொந்த வீட்டுச் சோபா மாதிரி. வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. தள்ளினேன், தட்டினேன், வாணலியை அடித்தேன். பாட்டுக்கூடப் பாடினேன். அது அசை போட்டது. ஓட்டுநர் பக்கத்துக் கதவுக் கயிற்றை அறுத்துப் பார்த்தேன், நீ எப்போதோ சொன்னபடி அது துருப்பிடித்துத்தான் இருக்கிறது, அசையவில்லை.

அப்போது சத்தம் கேட்டது. ரயில் பாலத்தில் ஏறினால் வருமே, அது மாதிரி. கக்கூஸ் மூடிமேல் ஏறி நின்று கூரைத் திறப்பைத் தூக்கித் தலையை வெளியே விட்டேன். பாதிரியார் மர உச்சி வரை நின்றுகொண்டிருந்தார். முழு உயரம். தூறல் என் தலையில், சுடுநீர்த் தூவல் காற்றில், கீழே எருமை. கடிகாரம் ஒன்று இருபத்துநாலு. அங்கிருந்து 1.43 வரை இமைக்கவில்லை. தண்ணீர் வெள்ளை, அடியில் மண் நிறம் இன்னும் கொஞ்சம் இருந்தது. நீ இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எருமையிடம் சொன்னேன். வேறு யாரும் இல்லை.

அது முடிந்தபின் எருமை எழுந்து போனது. நோட்டை எடுத்தேன். 9.05-ஓடு உன் கணக்கைக் கூட்டினேன், 1.17 வந்தது. எழுதலாம் என்று பேனாவை வைத்தேன். அது பாதிரியாருக்கென்று நீ ஒதுக்கி வைத்த பக்கம், சரியாக மேல் வரியில் உன் கையெழுத்து. 1985, ஜூலை 19. 'பொங்கிக்கொண்டிருந்தது. ஆரம்பம் காணவில்லை.' அவ்வளவுதான். என்னை இழுக்க வந்ததால் என்றோ, தம்பி ஒரு முட்டாள் என்றோ ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்குத் திரும்பும் வழியில் நீ சேற்றுக் காலோடு ஒரே ஒரு தடவைதான் பேசினாய். "பரவால்லடா, காபி இருக்கா?" என்றாய். அது மட்டும் எனக்குப் பதினொரு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்த எழுத்துக்குக் கீழே என்னால் 1.17 எழுத முடியவில்லை. கடிதத்தில் எழுத முடிந்தது. கடிதம் என்னுடையது, நோட்டு உன்னுடையது. என்ன எழுதியிருக்கிறேன் என்று தாளில் பார். நீ எழுதியதைப் பார்த்துக் காப்பியடித்தேன், எழுத்துப்பிழை இருக்காது.

கட்டுரையை நிறுத்து. இல்லை, நிறுத்தாதே, நேரத்தை மட்டும் எடுத்துவிடு. வில்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் திட்டினாள். பிறகு சொன்னாள்: "ஒன்னு இருபத்துநாலுக்கு முழு உசரத்துல நின்னுச்சுன்னா உங்கண்ணன் கணக்கு தப்பில்லை. ஆனா சரின்னும் சொல்ல முடியாது. பழைய நோட்டுகள்ல பாரு, ரொம்ப வருஷம் தூங்கிட்டுப் பொங்குனா மறு கோடையிலயும் ஒருதடவை வர்றதுண்டு. அப்ப வந்து யாராவது ஒழுங்கா பார்க்கட்டும்." யாராவது என்றபோது உன் நாற்காலியைத்தான் பார்த்தாள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அதுவரை இருநூறு அடி. தபால் பெட்டிக்குப் போகிற தூரம் எவ்வளவு என்று அளந்து வை. அடுத்த ஆகஸ்டில் நான் பீன்ஸைப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். எருமைக்கும் சேர்த்து.

லொரீன் இதை வாசிக்கும்போது உன் வாய் எந்த இடத்தில் திறக்கும் என்று எனக்குத் தெரியும். எருமை உண்மை. கக்கூஸ் மூடி உண்மை, அது உடைந்தும்விட்டது. அறுபது அடி உண்மை. கரடி கை கொடுத்ததும் உண்மை என்றே வைத்துக்கொள். ஆனால் 1.17 இருக்கிறதே, அண்ணா, அதை நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பொய்.